பென்சிலில் எட்டிய சிறுமி மையில் ஏன் நின்றுவிட்டாள்?

கேள்வி: சிறுவர் படப் புத்தகம் ஒன்றுக்குக் கோட்டோவியங்கள் வரைந்துகொண்டிருக்கிறேன். ஆறு வயதுச் சிறுமி, அவளுடைய சட்டைப் பொத்தானைத் தூக்கிக்கொண்டு போய்விடும் ஒரு காக்கை. கதை அவ்வளவுதான். பென்சிலில் வரையும்போது இரண்டு பேருமே உயிரோடு இருக்கிறார்கள். அதன்மேல் மை போட்டதும் பொம்மையாகிவிடுகிறார்கள். சிறுமியின் முகம் வேறு பக்கத்துக்குப் பக்கம் மாறிப்போகிறது. மாதிரிக்கு அனுப்பிய மூன்று பக்கங்களைப் பார்த்த பதிப்பாசிரியர், "கோடு விறைப்பாக இருக்கிறது, நிழல் அதிகம், பெரியவர்கள் படிக்கும் புத்தகம் மாதிரி இருக்கிறது" என்று எழுதிவிட்டார். கோட்டை விட்டுவிட்டு வண்ணத்துக்கோ கணினிக்கோ போய்விடலாமா? நான் முறையாக ஓவியம் படித்தவள் இல்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மை போட்ட பக்கங்களோடு அவற்றின் பென்சில் தாள்களையும் சேர்த்து அனுப்பினீர்களே, அது பெரிய உதவி. இரண்டையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஆறாம் பக்கத்தில் சிறுமி முக்காலிமேல் ஏறி, ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் காக்கையை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறாள். பென்சில் தாளில் அவள் முதுகுக்கு மட்டும் எண்ணினால் ஐந்து கோடுகள். எதுவும் எதன்மேலும் சரியாக விழவில்லை. மை போட்ட தாளில் ஒரே கோடு. சுத்தமான கோடுதான். ஆனால் சிறுமி எட்டவில்லை. யாரோ அவளை எட்டுகிற மாதிரி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஐந்து கோடு இருக்கும்போது பார்க்கிறவர் கண் அவற்றுக்கிடையே ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தைத்தான் நாம் உயிர் என்கிறோம். மை போடும்போது ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். நீங்கள் எடுத்தது எது என்று தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்: நடுவில் இருந்ததை. எல்லாரும் அதைத்தான் எடுப்போம், பத்திரமான கோடு அது. ஆனால் நடுக்கோடு என்பது உங்கள் ஐந்து முயற்சிகளின் சராசரி. வெளிப்பக்கம் ஒரு கோடு, குதிகாலில் கிளம்பி விரல்நுனி வரை வில் மாதிரி வளைந்து போயிருக்கிறது. கொஞ்சம் மிகையாகத் தெரிந்ததால் கைவிட்டிருப்பீர்கள். எட்டுகிறது அந்தக் கோடுதான். சிறுவர் புத்தகத்தில் கொஞ்சம் மிகை தேவைப்படுகிறது. பென்சிலில் சரியாகத் தெரிகிற வளைவு மையில் எப்போதும் ஒரு சுற்றுக் குறைந்துதான் வந்து விழும்.

இன்னொரு காரணம் உங்கள் கையில் இருக்கிறது. பென்சில் பிடிக்கும்போது முழங்கை அசைகிறது, தோள் அசைகிறது. மைப் பேனாவை எடுத்ததும் மணிக்கட்டு தாளோடு ஒட்டிக்கொண்டுவிடும், விரல்கள் மட்டும் வேலை செய்யும். கண் பேனா முனையைவிட்டு நகராது. முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு சைக்கிள் ஓட்டிப் பாருங்கள், தெரியும். கோடு போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பார்த்து இழுத்தால், நடுவில் இருக்கும் தூரத்தைக் கை தானாகப் பார்த்துக்கொள்ளும்.

ஆக, பென்சில் கோட்டின்மேல் நகலெடுப்பதை விட்டுவிடுங்கள். மை போடுவது என்றால் அந்தப் படத்தை இரண்டாம் தடவை வரைவது. இது மனத்தில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் பழக்கம்தான்.

அதற்கு முதலில் பென்சிலையும் மையையும் ஒரே தாளில் வைக்காதீர்கள். பென்சில் தாளை லைட் பாக்ஸ்மேல், அதாவது அடியிலிருந்து விளக்கு எரியும் பெட்டிமேல் வைத்து, அதன்மேல் புதுத் தாளை வைத்து மையில் வரையுங்கள். லைட் பாக்ஸ் இல்லாவிட்டால் பகலில் ஜன்னல் கண்ணாடியே போதும், கைதான் வலிக்கும். தாள் கனமாக இருந்தால் அடியிலுள்ள பென்சில் தெரியாது. அப்போது பென்சில் கோடுகளை அழுத்தமான ஒரு மார்க்கரால் கெட்டிப்படுத்திக்கொள்ளலாம். இதில் முதல் லாபம் பயம் போய்விடுவது. படம் கெட்டால் கெட்டது ஒரு வெற்றுத் தாள், மூன்று நாள் உழைப்பு இல்லை. அடுத்த லாபம், ரப்பர் போடவேண்டாம். மையின்மேல் ரப்பர் போனால் கறுப்பில் கொஞ்சம் கூடவே போய்விடும். அழுத்திய கறுப்பு சாம்பல் பூத்துத் தெரியும். தாளின் மேல்பரப்பும் பஞ்சு பஞ்சாகிவிடும், அப்புறம் அதில் பேனா வைத்தால் மை கசியும்.

பென்சில் தாளை அழகுபடுத்திவிட்டு மை போட ஆரம்பிக்காதீர்கள். பலர் இதைச் செய்கிறார்கள்; ஒவ்வொரு கோட்டையும் பென்சிலிலேயே தீர்த்துவிட்டு, பிறகு மையில் வரைவதற்கு ஒன்றும் மிச்சமில்லையே என்று உட்கார்ந்திருப்பார்கள். முடிவு செய்யாத இடங்கள் சில இருக்கட்டும். நான் பாதி வரைந்ததும் விளக்கை அணைத்துவிடுவேன். அதுவரை போட்ட மைக்கோடுகளைப் பார்த்து மீதியை முடிப்பேன். முதல் சில நாள் வயிற்றைக் கலக்கும். ஆனால் அந்தப் பாதியில்தான் கை சொந்தமாக வரையத் தொடங்கும்.

முகத்தை முதலில் வரையுங்கள். படத்தின் அருமையான இடம் என்று பலர் முகத்தைக் கடைசிக்கு வைப்பார்கள். சட்டை, முக்காலி, ஜன்னல் எல்லாம் போட்டு முடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு கண் தப்பாக விழுந்தால் அழுகை வரும். முதலிலேயே தப்பினால் தாளைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் பத்து விநாடி. ஒரே படத்தை நான்கைந்து தடவை வரைந்துவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். என் அனுபவத்தில் முதலாவது பயந்திருக்கும், இரண்டாவது விறைத்திருக்கும், மூன்றாவதோ நான்காவதோ சரியாக அமையும், ஐந்தாவதில் திமிர் வந்துவிடும்.

நீளக் கோடு இழுக்கும்போது கையை வளைப்பதைவிடத் தாளைத் திருப்புங்கள். ஒவ்வொரு கைக்கும் சுகமான திசை ஒன்று உண்டு. கோடு நடுவில் நின்றுவிட்டால் விட்ட இடத்திலேயே முனையை ஊன்றித் தொடராதீர்கள். அங்கே ஒரு முடிச்சு விழும். மயிரிழை இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். அந்த இடைவெளியைப் பார்க்கிறவர் கண் சேர்த்துவிடும். சேர்க்கிற வேலையைக் கண்ணுக்குக் கொடுத்தால் படத்துக்கும் நல்லது.

இனி, அந்தச் சிறுமியின் கால். முக்காலிமேல் நுனிக்காலில் நிற்கிறாள். உடல் பாரம் முழுக்கப் பெருவிரலுக்கு அடியில் இருக்கிறது. ஆனால் உங்கள் கோடு தலைமுடியிலிருந்து கால் வரை ஒரே தடிமன். 0.3 மி.மீ. பேனா ஒன்றைக் கையிலெடுத்து அதே பேனாவால் புத்தகம் முழுவதையும் முடிக்கப் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தூக்கிய குதிகாலின் அடிக்கோடு மெலிந்திருக்க வேண்டும். பெருவிரல் முக்காலியைத் தொடும் இடத்தில் கோடு தடித்து, கிட்டத்தட்ட ஒரு புள்ளியாகவே ஆகிவிடவேண்டும். எட்டுகிற கையில் நேர்மாறு: தோளில் ஆரம்பிக்கும்போது சுமாரான அழுத்தம், விரல்நுனிக்குப் போகப்போகக் குறைந்து, கடைசி விரலில் கோடு மூடவே வேண்டாம். விரலுக்கும் காக்கைக்கும் இடையில் நீங்கள் விட்ட வெற்றிடம்தான் அந்தப் பக்கத்தின் கதை. அங்கே ஜன்னல் கம்பி ஒன்றை ஓடவிட்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள்.

முக்காலிக்கு நீங்கள் போட்டிருக்கும் மர ரேகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நன்றாகத்தான் இருக்கின்றன. அதுதான் தொல்லை. நான் பக்கத்தைத் திறந்ததும் முதலில் பார்த்தது முக்காலியை. கோடு நெருக்கமாக இருக்கும் இடத்துக்குக் கண் தானாகப் போகும். அம்மா கதையைப் படிக்க, குழந்தை படத்தைப் படிக்கிறது. எழுத்துத் தெரியாத அந்த வாசகருக்கு எங்கே பார்க்கவேண்டும் என்று சொல்ல உங்களிடம் கோட்டைத் தவிர வேறு ஆள் இல்லை. முக்காலிக்கு மூன்று கால், ஒரு பலகை, பலகையில் ஒரு கீறல். போதும்.

காக்கைக்கு இறகு இறகாக வரைந்திருக்கிறீர்கள். சிறகில் மட்டும் அறுபது கோட்டுக்குமேல் எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். காக்கையை நாம் அப்படிப் பார்ப்பதில்லை. பறவையின் வெளிவடிவம், அலகு, கழுத்தை ஒருக்களித்துப் பார்க்கும் அந்தத் திருட்டுப் பார்வை, இவை முதலில். பிறகுதான் இறகு. தூரிகையில் ஒரே கறுப்பாக நிரப்பிவிட்டு, கண்ணுக்கும் சிறகின் ஓரத்துக்கும் மட்டும் வெள்ளை விடுங்கள். அப்போது உங்கள் பக்கத்தில் ஒரு கனமான கறுப்பும், ஒரு மெல்லிய கோட்டுச் சிறுமியும் எதிரெதிரே நிற்பார்கள். யார் யாரை மிரட்டுகிறார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

பதிப்பாசிரியர் நிழல் அதிகம் என்றதில் எனக்கும் சம்மதம்தான். ஆனால் பெரியவர்கள் புத்தகம் மாதிரி என்று அவர் சொன்னதற்கு நிழல் மட்டும் காரணமில்லை. கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி நிழல் போட்ட சிறுவர் புத்தகங்கள் எத்தனையோ குழந்தைகளுக்குப் பிடித்தவை. நீங்கள் நிழலை எல்லா இடத்திலும் ஒரே அளவில் போட்டிருக்கிறீர்கள், முகத்தில்கூட. ஆறு வயது முகத்தில் கன்னத்துக்கடியில் கோடுகள் பின்னினால் அறுபது வயதாகிவிடும். முகத்தில் நிழல் வேண்டாம் என்பதை ஒரு சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டுமானால் மீறலாம். தரையில் காலடியில் நான்கு கோடு, முக்காலிக்கு அடியில் கொஞ்சம். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று குழந்தை கேட்காது. சிறுமி தரையில் நிற்கிறாளா, மிதக்கிறாளா என்று கேட்கும்.

இதில் நானே பட்ட கதை ஒன்று. என் முதல் புத்தகத்தில் ஓர் இரவுக் காட்சி. மரங்கள், வீடு, மேலே நிலா. அச்சாகும் அளவைப்போல் ஒன்றரை மடங்கு பெரிதாக, மெல்லிய பேனாவால் நான்கு திசையிலும் கோடுகளைப் பின்னி, பதினொரு நாள் உட்கார்ந்து வரைந்தேன். அசலைப் பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். அச்சாகி வந்த புத்தகத்தைத் திறந்தால் ஒரு கறுப்புச் செவ்வகம், அதில் ஒரு வெள்ளை வட்டம். மரமும் இல்லை, வீடும் இல்லை. தப்பு அச்சகத்தின்மேல் இல்லை. ஒன்றரை மடங்கில் வரைந்தது அச்சில் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். 0.3 மி.மீ. கோடு 0.2 ஆகிறது, பரவாயில்லை. ஆனால் கோடுகளுக்கிடையே விட்ட 0.3 மி.மீ. வெள்ளையும் 0.2 ஆகிறது. பளபளப்பில்லாத தாள் மையை உறிஞ்சி, ஒவ்வொரு கோடும் இருபுறமும் கொஞ்சம் பரவுகிறது. வெள்ளை அடைத்துக்கொள்கிறது. அன்றிலிருந்து, வரைந்த படத்தை அச்சாகும் அளவுக்குச் சுருக்கி ஒரு பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டி, நாலடி தள்ளி நின்று பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை. நீங்களும் உங்கள் மூன்று பக்கங்களுக்கும் இன்றைக்கே அதைச் செய்து பாருங்கள். பதிப்பாசிரியர் சொன்னது அந்தச் சுவரில் தெரியும்.

அப்புறம் முகம். பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது என்கிறீர்கள். அளந்து பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் சிறுமியின் உயரம் அவள் தலையைப்போல் நான்கு மடங்கு. ஒன்பதாம் பக்கத்தில் ஐந்தேகால் மடங்கு. முகம் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தாலும் இவர்கள் இரண்டு பேர்தான். ஒன்பதாம் பக்கத்தில் இருப்பவள் அக்கா. நிஜத்தில் பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலைதான், வளர்ந்தவருக்கு அது ஏழில் ஒரு பங்கு, அதற்கும் சற்றுக் குறைவு. அதனால்தான் தலை பெரிதாகத் தெரிந்தால் வயது குறைந்து தெரிகிறது. படப் புத்தகத்தில் ஆறு வயதுக்கு நான்கு மடங்கு வைத்தாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். எந்த அளவு வைத்தாலும் கடைசிப் பக்கம் வரை அதுவே இருக்கட்டும்.

முகத்துக்குள் போனால் கண்கள் எந்த உயரத்தில் இருக்கின்றன, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்பவைதான் ஆளைத் தீர்மானிக்கின்றன. மூக்கு, புருவமெல்லாம் பிறகு. கண்களை முகத்தின் பாதிக்குக் கீழே இறக்கி, கொஞ்சம் அகலமாக வைத்தால் குழந்தை. மேலே ஏற்றினால் பெரியவர். உங்கள் சிறுமிக்கு ஒரு தனித்தாள் போடுங்கள்: முன்பக்கம், பக்கவாட்டு, முக்கால் திருப்பம், முதுகு. முதுகை மறந்துவிடாதீர்கள், உங்கள் கதையில் பாதி நேரம் அவள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பித்தான் நிற்கிறாள். எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும், கறுப்பாக நிரப்பிவிட்டாலும் அவள்தான் என்று சொல்லும் அடையாளம் ஒன்று வேண்டும். பொத்தான் இல்லாமல் ஒரு பக்கம் தொங்கும் சட்டை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கதையே கொடுத்துவிட்டது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவாவில் ரொடோல்ஃப் டோப்ஃபர் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். கண் கோளாறு காரணமாக ஓவியராகும் ஆசையைக் கைவிட்டவர். ஆனால் கோட்டுச் சித்திரங்களால் கதை சொல்வதில் பெரிய முன்னோடி. எவ்வளவு மோசமாக வரைந்தாலும் ஒரு முகத்தை வரைந்துவிட்டால் அதற்கு ஏதோ ஒரு முகபாவம் வந்துவிடும் என்று 1845-இல் எழுதினார். அந்த முகபாவம் எந்தக் கோட்டால் வந்தது என்று கண்டுபிடிக்க, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கவேண்டும். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. ஒரு தாளில் இருபது வட்டம் போடுங்கள். எல்லாவற்றிலும் இரண்டு புள்ளி, ஒரு சிறு வாய்க்கோடு. ஒன்றில் புள்ளிகளை ஒரு பேனா அகலம் நெருக்குங்கள், ஒன்றில் வாயை ஒரு பக்கம் மட்டும் தூக்குங்கள், ஒன்றில் புருவத்தை மட்டும் சேருங்கள். இருபதில் ஒன்று உங்கள் சிறுமியாக இருக்கும். காக்கை பொத்தானைத் தூக்கியதும் அவள் முகத்தில் கோபமா, வியப்பா, கொஞ்சம் மகிழ்ச்சியா? நீங்கள் அனுப்பியதில் வாயைப் பெரிதாகத் திறந்து, கண்ணையும் விரித்து, புருவத்தையும் தூக்கியிருக்கிறீர்கள். மூன்றும் சேர்ந்து கத்துகின்றன. ஒன்று போதும்.

முறையாகப் படிக்கவில்லை என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். டோப்ஃபரைப் பற்றி இப்போதுதான் சொன்னேன். அமெரிக்காவில் 1938 முதல் சிறந்த படப் புத்தக ஓவியருக்குத் தரப்படும் பதக்கம் ராண்டால்ஃப் கால்டெகாட் என்ற ஆங்கிலேயரின் பெயரில் இருக்கிறது. அவர் வங்கிக் குமாஸ்தாவாக வேலை பார்த்துக்கொண்டு மாலை வகுப்பில் ஓவியம் கற்றவர். 1878-இல் அவருடைய படப் புத்தகங்கள் வரத் தொடங்கியபோது, வரைந்த கோட்டை வேறொருவர் மரக்கட்டையில் செதுக்கித்தான் அச்சேற்றினார்கள். இன்னொருவர் கை செதுக்கியும் அந்தக் கோடுகள் இன்றும் ஓடுகின்றன. குதிரை ஓடுகிறது, ஆள் ஓடுகிறார், பின்னணியில் ஒரு வேலி, அதுவும் பாதி. கிடைத்தால் பாருங்கள். எதை வரைந்திருக்கிறார் என்பதைவிட எதை விட்டிருக்கிறார் என்று பார்த்தால் உங்கள் முக்காலிக்குப் பதில் கிடைக்கும்.

கருவி பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நல்ல பேனா கெட்ட கோட்டைக் காப்பாற்றாது. ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரே தடிமன் வரும் ஃபைன்லைனர் பேனா ஒரு காரணம் என்பதால் இதை மட்டும் சொல்கிறேன். தொட்டு வரையும் நிப் பேனாவோ, பிரஷ் பேனாவோ ஒரு மாதம் பழகுங்கள். அழுத்தினால் தடிக்கும், விட்டால் மெலியும். நிப்பைத் தாளின்மேல் தள்ளாதீர்கள், இழுங்கள். தள்ளினால் முனை தாளைக் குத்தி மை தெறிக்கும். புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகுதான் மை பிடிக்கும். தாள் வழவழப்பாக இருக்கட்டும். சொரசொரப்பான நீர்வண்ணத் தாளில் நிப் சிக்கும்; பிரஷ் பேனாவுக்கு மட்டும் அந்தச் சொரசொரப்பு அழகு, கோடு நடுநடுவே உடைந்து வரும். மேலே நீர்வண்ணம் பூசும் எண்ணம் இருந்தால் மை தண்ணீரில் கரையாததாக இருக்கவேண்டும். புட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கோடு போட்டு, ஒரு நாள் காயவிட்டு, ஈரத் தூரிகையால் இரண்டு தடவை தேய்த்துப் பாருங்கள்.

வண்ணத்துக்குப் போகலாமா என்றால், போகலாம், ஆனால் கோட்டிலிருந்து தப்பிக்கப் போகவேண்டாம். விறைத்த கோட்டுக்கு வண்ணம் பூசினால் வண்ணம் பூசிய விறைப்புத்தான் கிடைக்கும். உங்கள் கதைக்கு ஒரே ஒரு வண்ணம் போதும் என்று தோன்றுகிறது: பொத்தானுக்குச் சிவப்பு. எல்லாப் பக்கத்திலும் குழந்தை அதைத் தேடும். கணினியும் அப்படியே. டேப்லட்டில் வரைவதில் ஒரு குறையும் இல்லை, பாதி வேலை நானும் அதில்தான் செய்கிறேன். ஆனால் கோட்டை நேராக்கித் தரும் ஸ்டெபிலைசர் வசதியைக் குறைத்து வையுங்கள். அது அதிகமாக இருந்தால் எல்லாருடைய கோடும் ஒரே ஆள் போட்ட மாதிரி வழுக்கும். அப்புறம் பெரிதாக்கிப் பெரிதாக்கி வரையாதீர்கள். திரையில் கண் இமையைக் கை அகலத்துக்கு விரித்து வரைவதெல்லாம் அச்சில் ஒரு புள்ளி.

புத்தகமாகக் கட்டுவதற்குமுன் ஒரு டம்மி, அதாவது கையால் மடித்த மாதிரிப் புத்தகம் செய்துவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் மை போடுவதை இங்கேயே நிறுத்திவிட்டு அதைச் செய்யுங்கள். பெரும்பாலான படப் புத்தகங்கள் 32 பக்கம். பெரிய அச்சுத்தாளை மடித்து வெட்டும்போது எட்டு, பதினாறு என்றுதான் பக்கங்கள் வரும் என்பதால் அந்தக் கணக்கு. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் எல்லாம் போகக் கதைக்கு ஏறக்குறைய பன்னிரண்டு, பதினான்கு இரட்டைப் பக்கங்கள் கிடைக்கும். சாதாரணத் தாளை மடித்துத் தைத்து, தீக்குச்சி மனிதர்களாக வரைந்து, பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். உங்கள் ஆறாம் பக்கத்தில் சிறுமி இடப்புறம் பார்த்து எட்டுகிறாள். நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். கதையும் வலப்புறம்தான் நகர்கிறது. அவள் வலப்புறம் எட்டினால் அடுத்த பக்கத்தைத் திருப்பக் குழந்தையின் கை தானாக வரும். இடப்புறம் எட்டினால் போன பக்கத்துக்குப் போக நினைக்கிற மாதிரி இருக்கும். அவள் தோற்றுத் திரும்பும் காட்சிக்கு அந்த இடப்புறத்தைச் சேமித்து வையுங்கள்.

இரட்டைப் பக்கத்தின் நடு மடிப்பில் முகம், கை, பொத்தான் எதுவும் விழக்கூடாது. தைத்த பிறகு அங்கே கொஞ்சம் உள்ளே போய்விடும். ஓரம் வரை போகும் படம் என்றால், வெட்டும்போது வெள்ளை தெரியாமல் இருக்க நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக வரையுங்கள். எழுத்துக்கு இடம் விடுங்கள், நினைப்பதைவிடக் கூடுதலாக. தமிழ்ச் சொற்கள் நீளம், குழந்தைகளுக்கான எழுத்து பெரிது. நான்கு வரி என்று நினைத்தது ஏழு வரியாகும். நிழல் கோடுகளின்மேல் எழுத்தை ஏற்றவும் கூடாது. எழுத்தும் கறுப்புக் கோடுதான், இரண்டும் அடித்துக்கொள்ளும்.

ஸ்கேன் செய்யும்போது வெறும் கறுப்புக் கோடு என்றால் 1200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 1200 புள்ளி). சாம்பல் தொனி, உலர்ந்த தூரிகைத் தடம் போன்றவை இருந்தால் கிரேஸ்கேலில் 600. வண்ணம் சேர்ப்பதாக இருந்தால் கோட்டை ஒரு தாளிலும் வண்ணத்தை இன்னொரு தாளிலும் வைத்துத் தனித்தனியாக ஸ்கேன் செய்து கணினியில் சேர்ப்பது நல்லது. அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று வண்ணத்துக்கு ஒன்றாக நான்கு அச்சுத் தகடுகள். கோடு நான்கிலும் கலந்திருந்தால் தாள் ஒரு இழை விலகினாலும் சிறுமியின் மூக்கைச் சுற்றி நீலமும் சிவப்பும் நிழலாடும். கோடு கறுப்புத் தகட்டில் மட்டும் இருக்கட்டும், மற்ற வண்ணங்களின்மேல் அது ஓவர்பிரிண்ட் ஆகவேண்டும், அதாவது அடியிலுள்ள வண்ணத்தை வெட்டாமல் அதன்மேலேயே அச்சாகவேண்டும் என்று வடிவமைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லுங்கள்.

பதிப்பாசிரியர் உங்களை மறுக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? வேண்டாம் என்றால் ஒரு வரியில் முடித்திருப்பார். மூன்று குறை எழுத நேரம் செலவழித்திருக்கிறார். எல்லாப் பக்கங்களையும் திருத்தி அனுப்பவேண்டாம். ஆறாம் பக்கத்தை மட்டும், வலப்புறம் திருப்பி, அந்த வெளிக்கோட்டை எடுத்து, ஐந்து தாளில் வரையுங்கள். ஐந்தையும் சுருக்கிச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். வீட்டில் நான்கைந்து வயதுக் குழந்தை இருந்தால் கூப்பிட்டு, "இங்கே என்ன நடக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள், எது நன்றாக இருக்கிறது என்று கேட்காதீர்கள். அது முதலில் விரலை எங்கே வைக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் காக்கையும் விரல்நுனியும் இருந்தால் அதே தாளைப் பதிப்பாசிரியருக்கு அனுப்பலாம்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. காக்கையின் காலில் மூன்று விரல் முன்னால், ஒன்று பின்னால். மூன்றாம் பக்கத்தில் சரியாகப் போட்டுவிட்டு, ஆறாம் பக்கத்திலும் ஒன்பதாம் பக்கத்திலும் நான்கையும் முன்னால் போட்டிருக்கிறீர்கள். பெரியவர்கள் யாரும் கவனிக்கமாட்டார்கள். குழந்தைகள் எண்ணுவார்கள்.